ஃபிட்ஸ்: நிரல்மொழிகளுக்கு இடையே வானியல் தரவு கடந்த வரலாறு

ஃபிட்ஸ் என்பது வானியல் படங்களையும் அட்டவணைகளையும் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல உருவாக்கப்பட்ட கோப்பு வடிவம் ஆகும். ‘நெகிழ்வான படப் போக்குவரத்து முறைமை’ என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். 1979இல் வகுக்கப்பட்ட இவ்வடிவத்தை 1982இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. ஒரு நிரல்மொழியில் எழுதப்பட்ட தரவை வேறொரு நிரல்மொழி பிழையின்றிப் படிக்க எவற்றையெல்லாம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை இதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பின்னணி

1970களில் ஒவ்வொரு வானாய்வகமும் தன் கணினிக்கு ஏற்ற வடிவில் காந்த நாடாக்களில் தரவைப் பதிந்துவந்தது. ஒரே விண்மீன் மண்டலத்தை ஒளியிலும் வானொலி அலையிலும் ஒப்பிட விரும்பியவர், முதலில் நாடாவைப் படிக்கவே ஒரு நிரல் எழுத வேண்டியிருந்தது. பத்து ஆய்வகங்கள் தமக்குள் தரவைப் பரிமாற 90 மாற்று நிரல்கள் தேவை. பொது வடிவம் ஒன்று இருந்தால், ஆய்வகத்துக்கு எழுத ஒன்று, படிக்க ஒன்று என 20 போதும்.

அமெரிக்காவின் கிட் பீக் தேசிய வானாய்வகத்தைச் சேர்ந்த டான் வெல்ஸ், தேசிய வானொலி வானியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எரிக் கிரைசன் ஆகிய இருவரும் 1979இல் இதற்கான அடிப்படையை வகுத்தனர். நெதர்லாந்தின் ரொனால்ட் ஹார்ட்டனும் சேர்ந்து எழுதிய விளக்கக் கட்டுரை 1981இல் வெளிவந்தது.

முதல் நாடா

முதல் சோதனையே கடினமானது. நாடாவை எழுதியது ஐபிஎம் 360 கணினி; நிரல் பி.எல்.1 மொழியில் இருந்தது. அதைப் படிக்க வேண்டிய கிட் பீக்கின் சிடிசி 6400 கணினியில் நிரல் ஃபோர்ட்ரானில் இருந்தது. மொழி வேறுபாட்டைக் காட்டிலும் அதன் அடியில் இருந்த வேறுபாடுகளே பெரியவை. ஐபிஎம்மின் சொல் நீளம் 32 பிட்டு, சிடிசியினது 60 பிட்டு. எழுத்துக் குறியீடுகளும் வெவ்வேறு. எதிர்ம எண்களை ஒன்று ‘இரண்டின் நிரப்பி’ முறையிலும் மற்றொன்று ‘ஒன்றின் நிரப்பி’ முறையிலும் வைத்திருந்தது. எல்லாப் பிட்டுகளும் 1 ஆக உள்ள ஒரு சொல் ஐபிஎம்முக்கு −1. சிடிசிக்கு அதுவே எதிர்மச் சுழியம். எந்த எச்சரிக்கையும் இன்றி எண் மாறிவிடும்.

ஃபிட்ஸ் இவற்றில் எதையும் ஊகத்துக்கு விடவில்லை. எழுத்துகள் ஆஸ்கி குறியீட்டில், எண்கள் இரண்டின் நிரப்பியில், உயர்மதிப்புப் பைட்டு முதலில் என்று எழுதிவைத்தது. கோப்பின் தலைப்பகுதி, துளையட்டையைப் போல 80 எழுத்துக் கொண்ட வரிகளால் ஆனது. மனிதரும் அதை நேரடியாகப் படிக்கலாம். 36 வரிகள் சேர்ந்து 2880 பைட்டு கொண்ட ஒரு தொகுதி. விசித்திரமாகத் தோன்றும் இந்த எண்ணுக்கு எளிய காரணம் உண்டு. 2880 பைட்டு என்பது 23,040 பிட்டு. அது 16, 32, 36, 60, 64 ஆகிய எல்லாச் சொல் நீளங்களாலும் மீதியின்றி வகுபடும்.

பின்னமுள்ள எண்களுக்கு அப்போது பொதுத் தரம் இல்லை. எனவே முழு எண்களை மட்டும் பதிந்து, பெருக்க வேண்டிய எண்ணையும் கூட்ட வேண்டிய எண்ணையும் தலைப்பகுதியில் குறித்தனர். 1985இல் ஐஇஇஇ 754 தரம் வந்த பின்னரே மிதவைப்புள்ளி எண்கள் ஃபிட்ஸில் இடம்பெற்றன.

புதிய மொழிகள், பழைய சிக்கல்கள்

ஃபோர்ட்ரான் அணிகளில் முதல் சுட்டெண் விரைவாக மாறும். சி மொழியிலும் பைத்தானின் நம்பை நூலகத்தின் இயல்பு முறையிலும் கடைசிச் சுட்டெண் விரைவாக மாறும். ஃபிட்ஸ் ஃபோர்ட்ரான் வழியைப் பின்பற்றியது. அதனால் 2048 படப்புள்ளி அகலமும் 1024 உயரமும் கொண்ட படம், தலைப்பகுதியில் 2048, 1024 என்றும் பைத்தானில் 1024, 2048 என்றும் தோன்றும். பைட்டுகள் மாறவில்லை, பெயரிடும் வரிசைதான் மாறுகிறது. இதைவிட நுட்பமான தொல்லை, எண்ணும் தொடக்கம். ஃபிட்ஸில் முதல் படப்புள்ளி 1, பைத்தானில் 0. இதை மறந்தால் விண்மீனின் இடம் ஒரு படப்புள்ளி தள்ளிப்போகும். படம் சரியாகவே தெரியும் என்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது. வான ஆயங்களை மாற்றும் ஆஸ்ட்ரோபை நூலகச் செயற்கூறுகள் சில, தொடக்கம் 0வா 1ஆ என்று பயனரையே கேட்பது இதனால்தான்.

பைட்டு வரிசையும் அப்படியே. இன்டெல் வகைக் கணினிகள் தாழ்மதிப்புப் பைட்டை முதலில் வைப்பவை. ஃபிட்ஸின் 16 பிட்டு எண் 1, வரிசை மாற்றாமல் படிக்கப்பட்டால் 256 ஆகிவிடும். நம்பை, வரிசையைத் தரவு வகையின் பகுதியாகவே நினைவில் வைத்துக்கொள்வதால் இதைச் சமாளிக்கிறது. அதே அணியைப் பாண்டாஸ் நூலகத்துக்கு அப்படியே கொடுத்தால், பல செயல்களில் அது பிழை காட்டி நின்றுவிடும். தவறான எண்ணைத் தருவதைவிட நின்றுபோவது எவ்வளவோ மேல்.

‘ஒருமுறை ஃபிட்ஸ் ஆனால் என்றும் ஃபிட்ஸ்’ என்பது இவ்வடிவத்தின் விதி. எந்தத் திருத்தமும் பழைய கோப்பைச் செல்லாததாக்கக் கூடாது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் வழக்கம் 2000 நெருங்கியபோது கைவிடப்பட்டது. ஆனால் பழைய கோப்புகளின் தேதிகளை 1900களுக்கு உரியவை எனப் படிக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தின் நூற்றாண்டுப் பழமையான ஒளிப்படத் தட்டுகளும் எண்ம வடிவுக்கு மாற்றப்பட்டு ஃபிட்ஸ் கோப்புகளாகக் கிடைக்கின்றன.

இந்த விதிக்கு விலையும் உண்டு. தலைப்பகுதிச் சொற்கள் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது என்ற துளையட்டைக் காலக் கட்டுப்பாடு இன்றும் அடிப்படைத் தரத்தில் தொடர்கிறது. நாசாவின் ரோமன் விண்வெளித் தொலைநோக்கிக்கு ஏஎஸ்டிஎஃப் என்ற புதிய வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. அதில் ஒவ்வோர் அணியுடனும் அதன் பைட்டு வரிசை தனியே எழுதப்படுகிறது.