குரோட்டன்வில் மேலாண்மைப் பயிற்சி நிலையம்

குரோட்டன்வில் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றை அடுத்த ஆசினிங் என்னும் ஊரில் ஜெனரல் எலக்ட்ரிக் (ஜீ.ஈ.) நிறுவனம் 1956 ஆம் ஆண்டு முதல் நடத்தி வந்த மேலாண்மைப் பயிற்சி நிலையம் ஆகும். வணிக நிறுவனம் ஒன்று தன் மேலாளர்களுக்கெனத் தனி வளாகம் அமைத்து நடத்திய கல்வி நிலையங்களுள் இதுவே முதலாவது எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. 2001 இல் இதற்கு ஜான் எஃப். வெல்ச் தலைமைத்துவ வளர்ச்சி மையம் என்று பெயரிடப்பட்டது. எனினும் அப்பகுதியின் பெயரான குரோட்டன்வில் என்பதே மேலாண்மைத் துறையினரிடையே நிலைத்துவிட்டது. இவ்வளாகம் 2024 இல் விற்கப்பட்டது.

பல ஆண்டுகள் பணியாற்றி உயர்நிலைக்கு வந்துவிட்ட மேலாளர்களுக்கு வியூகச் சிந்தனையையும் புத்தாக்கத் திறனையும் பயிற்சியால் ஊட்ட முடியுமா என்ற கேள்விக்கு, அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்ற சோதனையாகக் குரோட்டன்வில்லைக் கருதலாம். அச்சோதனையின் விளைவுகள் ஒரே திசையில் அமையவில்லை.

தோற்றம்

1950 இல் ஜீ.ஈ. நிறுவனத்தின் தலைவரான ரால்ப் கோர்டினர், ஒரே மையத்திலிருந்து இயங்கிய நிறுவனத்தை நூற்றுக்கு மேற்பட்ட தன்னாட்சித் துறைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு துறைக்கும் வரவு செலவுப் பொறுப்புடைய பொது மேலாளர் ஒருவர் தேவைப்பட்டார். பொறியாளர்களும் விற்பனையாளர்களும் நிறைந்திருந்த நிறுவனத்தில் இத்தகையோர் போதிய அளவில் இல்லை. இக்குறையைப் போக்கும் பொறுப்பு ஹரோல்ட் சிமிடி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேலாண்மை அறிஞரான பீட்டர் டிரக்கர் ஆலோசகராக உதவினார். ஹாப்ஃப் மேலாண்மை நிறுவனம் இயங்கிவந்த பண்ணை வளாகம் இதற்கென வாங்கப்பட்டது.

தொடக்கத்தில் பாடநெறி 13 வாரங்கள் நீடித்தது. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஒருங்கிணைத்தல், அளவிடல் ஆகிய நான்கும் மேலாளரின் பணிகளாகக் கற்பிக்கப்பட்டன. "நீலநூல்கள்" எனப்பட்ட பல தொகுதி கொண்ட கையேடு பாடநூலாக விளங்கியது. மேலாண்மை என்பது தனியொரு தொழில், அதைக் கற்றவர் எந்த வணிகத்தையும் நடத்தலாம் என்பதே இக்கையேட்டின் அடிப்படைக் கருத்தாகும். பிற்காலத்தில் பெரிதும் விவாதிக்கப்பட்டதும் இக்கருத்தேயாகும்.

1970களில் ஜீ.ஈ.யில் வியூகத் திட்டமிடல் தனியொரு துறையாக வளர்ந்தது. மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட ஒன்பது கட்ட அட்டவணை இக்காலத்திலேயே பிற நிறுவனங்களுக்கும் பரவியது. ஆனால் வியூகம் வகுப்போர் ஒருபுறமும் வணிகத்தை நடத்துவோர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். தடித்த திட்ட அறிக்கைகள் மேலாளரின் சிந்தனையை வளர்த்ததைவிட அவர் இடத்தில் தாமே அமர்ந்துகொண்டன எனலாம்.

வெல்ச் காலம்

1981 இல் முதன்மைச் செயல் அலுவலரான ஜாக் வெல்ச், திட்டமிடல் துறையைச் சுருக்கினார். வியூகத்தை வகுக்கும் பொறுப்பு வணிகத்தை நடத்தும் மேலாளரிடமே திரும்பியது. எனவே அம்மேலாளர்களுக்கு அத்திறன் வேண்டியதாயிற்று. குரோட்டன்வில்லைப் புதுப்பிக்க 46 மில்லியன் டாலர் கோரும் முன்மொழிவு அவர்முன் வைக்கப்பட்டபோது, முதலீடு திரும்பும் காலத்தைக் கணக்கிட்டுக் காட்டிய பக்கத்தை அடித்துவிட்டு "முடிவிலி" என்று எழுதினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அதே ஆண்டுகளில் ஆட்குறைப்பும் வணிக விற்பனைகளும் நடந்தன. 1980 இறுதியில் ஏறத்தாழ 411,000 ஆக இருந்த பணியாளர் எண்ணிக்கை 1985 இறுதியில் 299,000 ஆகக் குறைந்தது. வேலையிழப்புக்கு நடுவே பயிற்சி வளாகத்துக்குச் செலவிடுவது நிறுவனத்துக்குள்ளேயே கசப்பை உண்டாக்கியது.

1985 முதல் 1987 வரை நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோயல் டிச்சி, பாடமுறையை மாற்றியமைத்தார். பிற நிறுவனங்களைப் பற்றிய நிகழ்வாய்வுகளைப் படிப்பதற்குப் பதிலாக, ஜீ.ஈ. எதிர்கொண்டிருந்த உண்மையான சிக்கல்களை மேலாளர் குழுக்கள் ஆராயத் தொடங்கின. இது செயல்வழிக் கற்றல் எனப்படும். மூன்று வாரப் பாடநெறிகள் மூன்று படிநிலைகளில் நடத்தப்பட்டன. அவற்றில் சேர எவரும் விண்ணப்பிக்க இயலாது. ஆண்டுதோறும் நடைபெறும் பணியாளர் மதிப்பாய்வின் வழியே தெரிவு செய்யப்பட்டனர். நடு நிலைப் பாடநெறியில் பங்கேற்றோர் வெளிநாடுகளுக்கும் சென்று ஆய்வு செய்து, தம் பரிந்துரைகளை நிறுவனத்தின் உயர்மட்டக் குழுவின் முன் வைத்தனர். அங்கு அமர்ந்திருந்தவர்கள் அப்பரிந்துரைகளை நிறைவேற்றும் அதிகாரம் உடையவர்கள். வழக்கமான வகுப்பறைப் பயிற்சியிலிருந்து இதனை வேறுபடுத்திய கூறு இதுவே.

வளாகத்தின் நடுவே, படிப்படியாகக் கீழிறங்கும் இருக்கை வரிசைகளைக் கொண்ட விரிவுரை மண்டபம் "குழி" என்று அழைக்கப்பட்டது. ஆசிரியர் கீழே நிற்க, மேலாளர்கள் மேலிருந்து கேள்வி எழுப்புவர். 1998 வரையிலான 17 ஆண்டுகளில் வெல்ச் 250 தடவைகளுக்கு மேல் குரோட்டன்வில்லுக்கு வந்து, சுமார் 15,000 மேலாளர்களுடன் உரையாடினார்.

ஒர்க்-அவுட்

குழியில் வெளிப்படையாகப் பேசிய மேலாளர்கள், தம் ஆலைக்குத் திரும்பியதும் அங்கு அவ்வாறு பேச முடியாத நிலை இருப்பதாக முறையிட்டனர். இதற்கு விடையாக 1988 இல் உருவான திட்டமே ஒர்க்-அவுட் ஆகும். ஒரு பிரிவைச் சேர்ந்த சில பத்துப் பேர் இரண்டு அல்லது மூன்று நாட்கள் கூடித் தம் பணியிலுள்ள வீண் நடைமுறைகளைப் பட்டியலிடுவர். மேலாளர் தொடக்க உரைக்குப் பின் வெளியேறிவிடுவார். இறுதி நாளில் திரும்பி வந்து, ஒவ்வொரு பரிந்துரைக்கும் எல்லோர் முன்னிலையிலும் ஆம் அல்லது இல்லை என்று கூற வேண்டும். மேலும் தகவல் தேவையெனில் குறித்த நாளுக்குள் விடையளிக்க வேண்டும். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லின் ஆலையில் நடந்த அமர்வொன்றில் 108 பரிந்துரைகள் முன்வைக்கப்பட்டு, அவற்றுள் 100 அங்கேயே ஏற்கப்பட்டன. பணியாளர்களுக்கான திட்டம் போலத் தோன்றினாலும், இதில் அதிகம் பயிற்சி பெற்றவர் முன்னே நின்ற மேலாளரே.

"முதல் அல்லது இரண்டாம் இடம்" கொள்கையின் திருத்தம்

ஒவ்வொரு வணிகமும் அதன் சந்தையில் முதல் அல்லது இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் சீர்செய்யப்படும், விற்கப்படும் அல்லது மூடப்படும் என்பது வெல்ச்சின் புகழ்பெற்ற வியூகமாகும். 1995 இல் நடு நிலைப் பாடநெறி வகுப்பொன்று பென்சில்வேனியாவின் கார்லைல் நகரிலுள்ள அமெரிக்கத் தரைப்படைப் போர்க் கல்லூரிக்குச் சென்றது. இக்கொள்கை நிறுவனத்தின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என அங்கிருந்த படை அதிகாரி ஒருவர் சுட்டிக்காட்டினார். முதலிடம் பெற வேண்டும் என்ற அழுத்தத்தில் மேலாளர்கள் தம் சந்தையைக் குறுகலாக வரையறுத்துக் கொள்கின்றனர். சிறிய குளத்தில் பெரிய மீனாக இருப்பது எளிது என்பதே அவர் வாதம்.

இதனை வகுப்பினர் வெல்ச்சிடம் நேரடியாக எடுத்துரைத்தனர். தம் பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டாதவாறு ஒவ்வொரு வணிகமும் தன் சந்தையை மீள வரையறுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தனர். வெல்ச் அதனை ஏற்று நிறுவனம் முழுவதும் நடைமுறைப்படுத்தினார். பொறிகளை விற்பதோடு நில்லாமல் பராமரிப்பு, பழுது நீக்கம் முதலிய சேவைகளும் தம் சந்தையே என மேலாளர்கள் காணத் தொடங்கியதற்கு இது துணைபுரிந்தது. தலைவரின் கொள்கையையே மாணவர்கள் மாற்றிய இந்நிகழ்வு, குரோட்டன்வில்லின் பாடங்களிலேயே சிறந்தது எனலாம்.

புத்தாக்கத்தை நோக்கி

2001 செப்டெம்பரில் பொறுப்பேற்ற ஜெஃப் இம்மெல்ட், நிறுவனங்களை வாங்கி வளர்வதைக் காட்டிலும் உள்ளிருந்து வளர்வதை வலியுறுத்தினார். இங்கு ஒரு முரண் எழுந்தது. 1995 முதல் ஜீ.ஈ. பின்பற்றிய சிக்சு சிக்மா முறை பிழைகளையும் வேறுபாடுகளையும் குறைப்பதை நோக்கமாகக் கொண்டது. புத்தாக்கமோ பிழைகளையும் வேறுபாடுகளையும் வேண்டி நிற்பது. ஒன்றில் தேர்ந்து பதவி உயர்வு பெற்றவர்களிடமே மற்றொன்று எதிர்பார்க்கப்பட்டது.

2003 இல் தொடங்கிய "கற்பனைத் திருப்புமுனைகள்" திட்டத்தின் கீழ், ஒவ்வொரு வணிகமும் புதிய வளர்ச்சி முன்மொழிவுகளைத் தர வேண்டியிருந்தது. காலாண்டுச் செலவுக் குறைப்பில் இவை வெட்டப்படாதவாறு இம்மெல்ட் தாமே மேற்பார்வையிட்டார். மேலாளர்களை மதிப்பிடும் அளவுகோல்களும் மாற்றப்பட்டு, வெளியுலக நோக்கு, தெளிவான சிந்தனை, கற்பனை, பிறரை உள்ளடக்கும் பண்பு, துறை அறிவு ஆகிய ஐந்தும் சேர்க்கப்பட்டன. துறை அறிவைச் சேர்த்தது, நீலநூல்களின் பழைய கருத்திலிருந்து விலகியதைக் காட்டுகின்றது.

2006 இல் "தலைமை, புத்தாக்கம், வளர்ச்சி" என்ற நான்கு நாள் பாடநெறி தொடங்கப்பட்டது. அதுவரை மேலாளர்கள் தனித்தனியே வந்து பயின்றனர். கற்றுத் திரும்பிய ஒருவர், கற்காத பத்துப் பேரிடையே பழைய வழக்கத்துக்கே மீள்வது இயல்பாயிருந்தது. இப்பாடநெறிக்கு ஒரு வணிகத்தின் தலைமைக் குழு முழுவதும் ஒன்றாக அழைக்கப்பட்டது. வளர்ச்சிக்கு எவை தடை என்பதை அவர்கள் தமக்குள் விவாதித்து ஒரு பொதுத் திட்டத்துக்கு உடன்பட வேண்டும். முடிவில் தாம் செய்யவிருப்பதைக் கடிதமாக இம்மெல்ட்டுக்கு எழுத வேண்டும்.

டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் விஜய் கோவிந்தராஜன் இக்காலத்தில் நிறுவனத்தின் புத்தாக்க ஆலோசகராகப் பணியாற்றினார். அவரும் இம்மெல்ட்டும் கிறிஸ் டிரிம்பிளும் இணைந்து 2009 இல் வெளியிட்ட கட்டுரை, வளரும் நாடுகளுக்கென உருவாக்கிய பொருளை வளர்ந்த நாடுகளுக்கும் கொண்டுசெல்லும் தலைகீழ்ப் புத்தாக்கம் என்ற கருத்தைப் பரப்பியது. இந்தியக் கிராமங்களுக்கெனப் பெங்களூர்ப் பொறியாளர்கள் வடிவமைத்த கையடக்க ஈ.சி.ஜி. கருவியும், சீனாவில் உருவான கணினிசார் மீயொலிக் கருவியும் இதற்கு எடுத்துக்காட்டுகள். எனினும் இவை வகுப்பறையில் பிறந்தவை அல்ல. தலைமையகத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் முடிவெடுக்கும் உரிமை உள்ளூர்க் குழுக்களுக்கு வழங்கப்பட்டதே இதில் முதன்மையான காரணம் என அக்கட்டுரையே வாதிடுகின்றது.

வெளியே சென்றோர்

குரோட்டன்வில்லில் பயின்றவர்களைப் பிற நிறுவனங்கள் போட்டியிட்டு அழைத்துக்கொண்டன. 1989 முதல் 2001 வரை ஜீ.ஈ.யிலிருந்து வெளியேறிப் பிற நிறுவனங்களின் தலைமையை ஏற்ற 20 பேரை ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2006 இல் முடிவுகளை வெளியிட்டனர். இவற்றுள் 17 நியமனங்களின் அறிவிப்பைக் கேட்டதும் பங்கு விலை உயர்ந்தது. ஆனால் பின்னர் கிட்டிய பலன் சீராக இல்லை. புதிய நிறுவனத்தின் தேவை அவர்தம் பழைய அனுபவத்துடன் பொருந்திய இடங்களில் நன்மையும், பொருந்தாத இடங்களில் பெரும் இழப்பும் விளைந்தன.

வெல்ச்சின் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்ற இருவரின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஹோம் டெப்போ நிறுவனத்துக்குச் சென்ற ராபர்ட் நார்டெல்லி, கடைப் பணியாளர் சேவை குன்றியதாக எழுந்த குறைகளுக்கும் தம் ஊதியம் பற்றிய சர்ச்சைக்கும் இடையே 2007 சனவரியில் விலகினார். 3எம் நிறுவனத்துக்குச் சென்ற ஜேம்ஸ் மெக்னெர்னி இலாபத்தைப் பெருக்கினார். ஆயினும் ஆய்வுக்கூடத்திலும் சிக்சு சிக்மாவைப் புகுத்தியதால் அந்நிறுவனத்தின் கண்டுபிடிப்பு மரபு நலிந்தது என விமர்சிக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் பக்லி ஆய்வுப் பிரிவில் அம்முறையைத் தளர்த்தினார்.

நெருக்கடியும் விற்பனையும்

ஜீ.ஈ.யின் இலாபத்தில் பெரும்பகுதியை நிதிப் பிரிவான ஜீ.ஈ. கேப்பிட்டல் ஈட்டி வந்தது. 2008 நிதி நெருக்கடியில் அதுவே நிறுவனத்தை ஆபத்தில் ஆழ்த்தியது. 2009 இல், 1938 க்குப் பின் முதல் தடவையாகப் பங்காதாயம் குறைக்கப்பட்டது. 2015 இல் அல்ஸ்டம் நிறுவனத்தின் மின்னுற்பத்தி வணிகத்தை வாங்கியதும் தவறான கணிப்பாக முடிந்தது. 2018 இல் மின்னுற்பத்திப் பிரிவின் மதிப்பிலிருந்து 22 பில்லியன் டாலர் அளவில் எழுதித் தள்ளப்பட்டது. இம்முடிவுகளை எடுத்தோர் குரோட்டன்வில்லில் பயின்றவர்களும் அங்கு பாடம் நடத்தியவர்களும் ஆவர். 1995 இல் நடந்தது போலத் தலைமையின் அடிப்படை எண்ணத்தை எதிர்த்து உரைக்கும் குரல் இக்காலத்தில் மேலே எட்டவில்லை என்பது விமர்சகர்களின் கருத்து.

2018 அக்டோபரில் லாரி கல்ப் முதன்மைச் செயல் அலுவலரானார். அப்பதவிக்கு வெளியிலிருந்து வந்த முதலாமவர் இவரே. தன் தலைவர்களைத் தானே உருவாக்கியதில் பெருமை கொண்ட நிறுவனம் வெளியாள் ஒருவரை நாடியது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. இவர் காலத்தில் நிறுவனம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது: மருத்துவக் கருவிப் பிரிவு 2023 சனவரியிலும், மின்னாற்றல் பிரிவு 2024 ஏப்ரலிலும் தனி நிறுவனங்களாயின. எஞ்சிய விமானப் பொறி வணிகம் ஜீ.ஈ. ஏரோஸ்பேஸ் எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே குரோட்டன்வில் வளாகமும் கைமாறியது. கல்ப் முன்னிறுத்தும் ஜப்பானிய வழி சிக்கனமுறையில், உயர்நிலை மேலாளர்கள் விரிவுரை மண்டபத்துக்குச் செல்வதில்லை. ஆலைத் தளத்தில் தொழிலாளர்களுடன் ஒரு வாரம் நின்று ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்க்கின்றனர்.