கள்ளக்குறிச்சியிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை நாள்?

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,400 கி.மீ. நேரடி விமானம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் சென்றடைகிறது. சவூதி நேரம் நமது நேரத்திற்கு இரண்டரை மணி பிந்தியது. ஆகவே நண்பகல் 12 மணிக்குப் புறப்படும் ஹாஜி, அங்குள்ள கடிகாரத்தின்படி பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் இறங்கிவிடுகிறார்.

நம் பாட்டனார்களுக்கு இது ஆறு மணிக் கணக்கன்று. ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்தவர் கடன்களை அடைத்து, வஸிய்யத் எழுதி, உறவினர் வீடுதோறும் சென்று பிழை பொறுக்கக் கேட்டுவிட்டே புறப்பட்டார். திரும்பி வருவோம் என்ற உறுதி எவருக்கும் இருந்ததில்லை. அக்காலத்தில் கள்ளக்குறிச்சியில் இரயில் இல்லை. சின்னசேலம் சென்று வண்டியேறி, விருத்தாசலம் வழியே எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் பம்பாய் வண்டி பிடித்து மேலும் 1,280 கி.மீ. செல்ல வேண்டும். பம்பாயில் ஸாபு சித்தீக் முஸாஃபிர்கானா போன்ற விடுதிகளில் கப்பலுக்காகக் காத்திருப்பு.

பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி ஏறத்தாழ 2,300 கடல் மைல். 1877இல் தோன்றிய நிறுவனம் ஒன்று, பிற்காலத்தில் முகல் லைன் என்ற பெயரில், ஹாஜிமார்களை ஏற்றிச் சென்றது. கடலில் மட்டும் ஒரு வாரத்திற்கு மேல் ஆகும். செங்கடலில் கமரான் தீவில் கப்பல் நின்று, பயணிகள் தொற்றுத் தடுப்புக்காக இறக்கப்பட்டு, உடைகள் ஆவியில் இடப்பட்ட காலமும் உண்டு. சவூதியில் பயன்படுத்துவதற்கென ரிசர்வ் வங்கி 1959இல் ஹாஜிமார்களுக்குத் தனி ரூபாய் நோட்டுகளே அச்சிட்டது. 1995இல் கப்பல் பயணம் அடியோடு நின்றது.

தொலைவை நாளால் அளப்பது நமக்குப் புதிதன்று. ஹனஃபீ ஃபிக்ஹு நூல்கள் கஸ்ருக்குரிய பயணத்தை மூன்று நாள் நடை என்றே வரையறுத்தன. பேருந்து சில மணி நேரத்தில் சென்னை சேர்ந்தாலும் அந்தத் தொலைவு மாறவில்லை. ஊர் எல்லை கடந்ததும் ஹாஜி முஸாஃபிரே.

நமக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலையும் இதற்குச் சாட்சி. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலைக்குச் சாலைகள் அதன் பின்னரே படிப்படியாக வந்தன. ஜித்தாவுக்கு விமானங்கள் பறந்துகொண்டிருந்த ஆண்டுகளில், மலைவாழ் மக்கள் புளியும் தேனும் சுமந்து சந்தைக்கு நடந்து இறங்கினர்.

வேகத்தால் ஓர் இடரும் நேர்ந்தது. கப்பலில் சென்றோர் யலம்லமுக்கு நேரே வரும் அறிவிப்பைக் கேட்டு, குளித்து, நிதானமாக இஹ்ராம் கட்டினர். விமானமோ மீக்காத் எல்லையை நொடிகளில் கடக்கிறது. அறிவிப்பு வரும்வரை உறங்கிப்போகாதிருக்க, வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் உடையை அணிந்துகொள்வதே முதியோருக்குப் பாதுகாப்பு. நிய்யத்தும் தல்பியாவும் எல்லைக்குச் சற்று முன்னர் போதும்.

2022இல் ஹஜ் புறப்பாட்டு நிலையங்கள் பத்தாகக் குறைக்கப்பட்டபோது சென்னை அதில் இல்லை. தமிழக ஹாஜிமார்கள் கொச்சி சென்று ஏறினர். விமான நேரம் சற்றுக் குறைந்ததுதான். ஆனால் முழங்கால் வலியோடு மலைத்தொடரைக் கடந்து செல்ல வேண்டிய மூதாட்டிக்கு அதனால் என்ன பயன்? 2023இல் சென்னை மீண்டும் பட்டியலில் சேர்ந்தது. வழியனுப்பச் செல்லும் குடும்பத்தார் இப்போது ஒரே இரவில் ஊர் திரும்பிவிடுகின்றனர்.