வணிகக்குறித் தேடல்

ஒரு பொருளுக்கோ சேவைக்கோ வைக்க நினைத்திருக்கும் பெயரும் படமும் ஏற்கெனவே வேறு யாருடைய கையிலாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது வணிகக்குறித் தேடல். கடைத்தெருவில் இதை ‘டிரேட்மார்க் செக் பண்றது’ என்பார்கள். இந்தியாவில் இதற்கு அடிப்படை 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம். 2003 செப்டம்பர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இப்போதுள்ள விதிகள் 2017 மார்ச் 6-இல் வந்தவை. மனு போடுமுன் தேடித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. அதனாலேயே பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பெயர்ப் பலகை எழுதி, பாட்டில் வாங்கி, லேபிள் அடித்து, ஊருக்குள் பெயர் பரவிய பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால், பெயரை மாற்றும் செலவைவிட அந்தப் பெயரில் சேர்த்த நம்பிக்கையை இழப்பதுதான் பெரிய நட்டம்.

தமிழ்நாட்டு வியாபாரி அறிந்திருக்க வேண்டிய முதல் வழக்கு மூக்குப்பொடி வழக்கு. சென்னையில் ‘ஸ்ரீ அம்பாள்’ என்ற பெயரில் மூக்குப்பொடி விற்ற நிறுவனம் அந்தச் சொல்லையும் அம்பாள் உருவத்தையும் பதிவு செய்து வைத்திருந்தது. 1958-இல் இன்னொரு மூக்குப்பொடிக்காரர் ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயருக்கு மனு கொடுத்தார். அம்பாள் சிவனின் தேவி. ஆண்டாள் பெரியாழ்வாரின் மகள், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. தமிழர் யாரும் இருவரையும் ஒன்றாக நினைக்கப் போவதில்லை. பதிவாளரும் அப்படித்தான் பார்த்து மனுவை ஏற்றார். சென்னை உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. 1969-இல் உச்ச நீதிமன்றமும் உயர்நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. மூக்குப்பொடி வாங்குகிறவர் எல்லோரும் இந்துக்கள் அல்லர், எல்லோரும் தமிழ்ப் புராணம் தெரிந்தவரும் அல்லர். கடையில் வாயால் கேட்டு வாங்கும் சரக்குக்குக் காதில் விழும் ஓசைதான் முக்கியம். அம்பாளும் ஆண்டாளும் ஓசையில் மிக நெருக்கம் என்பது தீர்ப்பின் சாரம். பொருள் வேறு, தெய்வம் வேறு என்ற வாதம் எடுபடவில்லை. 1962-இல் தீர்ப்பான அமிர்ததாரா–லட்சுமண்தாரா மருந்து வழக்கிலும் இதே அளவுகோல்தான். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண் வாங்குபவருக்குக் கிடையாது. அரைகுறை ஞாபகத்தோடுதான் அவர் கடைக்கு வருகிறார்.

ஆகவே தேடலைக் காதால் செய்ய வேண்டும். இதில்தான் தமிழ்ப் பெயர்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது.

பதிவேட்டில் தேடுவது

அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் பக்கம் ஒன்று உண்டு. கட்டணம் கிடையாது. சொல், ஒலி, படம் என்று மூன்று வழிகளில் அங்கே தேடலாம். சொல்வழித் தேடலில் ‘இப்படித் தொடங்குவது’, ‘இது உள்ளே வருவது’, ‘அப்படியே பொருந்துவது’ என்று மூன்று தேர்வுகள் இருக்கும். பெரும்பாலோர் தங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் முழுதாகத் தட்டி, ‘அப்படியே பொருந்துவது’ என்று கொடுத்து, எதுவும் வரவில்லை என்றதும் மகிழ்ந்துபோகிறார்கள். அதைத் தேடல் என்று சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டுக்கு ‘கரிசல்’ என்ற பெயரை வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் அதைக் கே-யில் தொடங்கலாம், சி-யிலும் தொடங்கலாம். நடுவில் ஐ போடுகிறவரும் உண்டு, ஈ போடுகிறவரும் உண்டு. எஸ் ஒற்றையாகவும் வரும், இரட்டையாகவும் வரும். கடைசியில் எல் ஒன்றா இரண்டா என்பது அவரவர் எண்சோதிடரைப் பொறுத்தது. ழகரம் உள்ள பெயரானால் இசட்-எச், எல், எல்-எச் என்று இன்னும் கிளைகள் பிரியும். பதிவேட்டில் இந்த ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல். சட்டத்தின் காதுக்கோ எல்லாம் ஒன்றே. எனவே முழுப்பெயரைத் தட்டுவதைவிடப் பெயரின் மாறாத துண்டு ஒன்றை ‘இது உள்ளே வருவது’ என்ற தேர்வில் கொடுத்து, வருகிற பட்டியலை வாய்விட்டுப் படிப்பது நல்லது. எழுத்துக் கூட்டலை மாற்றி மாற்றி இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒலிவழித் தேடல் துணைக்கு உதவும். அதை மட்டும் நம்பக் கூடாது. தமிழிலேயே எழுதிப் பதிவான குறிகளும் உண்டு. தேவநாகரி, ரோமன் அல்லாத எழுத்தில் குறி இருந்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் மனுவில் தரவேண்டும் என்று விதி இருப்பதால், அவையும் ஆங்கில எழுத்து வழியாகவே கண்ணில் படும்.

பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’, ‘நியூ’, பின்னால் ‘டிரேடர்ஸ்’, ‘ஃபுட்ஸ்’ என்று சேர்த்துக்கொண்டால் வேறு பெயராகிவிடும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் வேரூன்றிப்போயிருக்கிறது. பரிசீலனை அதிகாரி பார்ப்பது பெயரின் உயிர்ச்சொல்லை. ஒட்டுச் சொல் காப்பாற்றாது.

வகுப்புகள்

பொருள்களும் சேவைகளும் நீஸ் வகைப்பாட்டின்படி 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். தேடலும் வகுப்பு வாரியாகவே நடக்கும். எந்த வகுப்பு என்று தெரியாமல் தேடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் ஒருவர் மரச்செக்கு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருச்சுழி வரை மானாவாரிக் கரிசல், எள்ளுக்குக் குறைவில்லை. அவர் பாட்டிலில் அடைத்து விற்கும் சமையல் நல்லெண்ணெய் 29-ஆம் வகுப்பு. அதே எண்ணெயைத் தீப எண்ணெய் என்று வேறு லேபிளில் விற்றால் அது 4-ஆம் வகுப்பு, எரிபொருளும் விளக்கெரி பொருளும் சேர்ந்த இடம். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்றால் 3. மாட்டுக்குப் போகும் பிண்ணாக்கு 31. பக்கத்திலேயே மிளகாய்ப்பொடி, குதிரைவாலி அரிசி என்று பாக்கெட் போட்டால் 30. மற்றவர் சரக்கையும் சேர்த்து விற்கும் கடைக்கு 35. ஒரு செக்கிலிருந்து ஆறு வகுப்பு கிளம்பிவிடுகிறது. 29-இல் மட்டும் தேடிவிட்டுத் திருப்தியடைந்தால், அதே பெயரில் தீப எண்ணெய் விற்கும் பழைய நிறுவனம் ஒன்று 4-இல் இருப்பது கண்ணில் படாமலே போகும். நெசவிலும் இதே கதைதான்: நூல் 23, துணி 24, சேலை உள்ளிட்ட உடுப்பு 25. சிவகாசிப் பக்கம் போனால் பட்டாசு 13, தீப்பெட்டி 34.

வகுப்பு என்பது அலுவலக வசதிக்கான பகுப்புதான். வகுப்பு வேறாக இருந்தும் இரண்டு பொருள்கள் ஒத்தவையாகக் கருதப்படலாம், வகுப்பு ஒன்றாக இருந்தும் வேறாகக் கருதப்படலாம். கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’க்கும், பெங்களூரு உணவகம் ஒன்றின் ‘நந்தினி டீலக்ஸ்’ என்ற குறிக்கும் நடந்த வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பாலும் உணவகமும் வேறு, லேபிளின் தோற்றமும் வேறு, நந்தினி என்பது யாரும் புதிதாகப் படைத்த சொல்லும் அல்ல என்று நீதிமன்றம் கண்டது. அம்பாளையும் நந்தினியையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். ஒரே கடையில் ஒரே அலமாரியில் ஒரே வாடிக்கையாளரிடம் விற்கும் சரக்கு என்றால் ஓசை நெருக்கம் ஆபத்து. அப்படி இல்லாவிட்டால் பிழைக்க வழி இருக்கிறது.

பதிவேட்டில் இல்லாத உரிமை

பதிவேடு சுத்தமாக இருக்கிறது என்பதால் பெயர் காலியாக இருக்கிறது என்று ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இந்தியச் சட்டத்தில் முதலில் பதிந்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை. சட்டத்தின் 34-ஆம் பிரிவு முன்பயனரைக் காக்கிறது. பதிவே செய்யாதவரும் ‘என் பெயரில் உன் சரக்கைத் தள்ளுகிறாய்’ என்று வழக்குப் போட 27-ஆம் பிரிவு இடம் தருகிறது.

இதை அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு திருநெல்வேலியிலிருந்து போன இருட்டுக்கடை அல்வா வழக்கு. நெல்லையப்பர் கோயில் எதிரே நடக்கும் அந்தப் பழைய கடையின் பெயரோடு ‘திருநெல்வேலி’ என்று முன்னால் சேர்த்து இன்னொருவர் தமக்கும் ஒரு பதிவு வாங்கியிருந்தார். இரு தரப்பிடமும் பதிவுச் சான்றிதழ் இருந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம், பதிவு உரிமையைவிட முன்பயனரின் நற்பெயர் மேலானது என்று சொல்லி, பழைய கடைக்கே பெயரை உறுதிசெய்தது. பின்னால் வந்தவர் கையில் அரசின் சான்றிதழே இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

எனவே தேடலின் இரண்டாம் பாதி சந்தையில் நடக்க வேண்டும். அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரை மொத்தக் கடைகளில் விசாரிப்பது, விநியோகஸ்தர்களையும் லாரி புக்கிங் ஆபீசையும் கேட்பது, இணையக் கடைகளிலும் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் பார்ப்பது, சிவகாசி அச்சகத்தில் லேபிளுக்குப் போகும்போதே ‘இந்தப் பேர்ல யாருக்காவது அடிச்சிருக்கீங்களாண்ணே’ என்று ஒரு வார்த்தை கேட்பது. அச்சகத்துக்காரருக்குத் தெரிந்த பெயர்கள் ஏராளம். காசில்லாமல் கிடைக்கும் தகவல் அது.

கிடைக்காத பெயர்கள்

யாரும் எடுக்காத பெயராகவே இருந்தாலும் சில பெயர்களைப் பதிவு செய்ய முடியாது. சரக்கின் தரத்தையோ வகையையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயர்கள் 9-ஆம் பிரிவில் தடைப்படும். ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ தேறாது. ‘பாளையம்பட்டி எண்ணெய்’ என்பதும், நெடுநாள் வழக்கத்தால் ஒரே ஒருவரின் சரக்கைக் குறிப்பதாக ஆகியிருந்தாலொழிய, கடினம்தான். மதநூல் பெயரைத் தனியுரிமையாக யாரும் கொள்ள முடியாது என்று ‘ராமாயண்’ ஊதுபத்தி வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுச் சின்னங்களையும் காந்தி போன்ற தலைவர்களின் பெயர்களையும் 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள் ஊரின் பொதுச்சொத்து. 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அந்தத் தகுதியைப் பெற்றன. தனி ஆள் அவற்றைத் தன் குறியாகப் பதிய முடியாது.

படமும் நிலைக்குறிப்பும்

பட்டாசையும் தீப்பெட்டியையும் படம் சொல்லிக் கேட்டு வாங்கிய மக்கள் நாம். காளீஸ்வரியின் சேவலைப் பெயர் வாசிக்கத் தெரியாதவரும் அடையாளம் காண்பார். படங்களைத் தேட வியன்னா குறியீடு என்ற எண்முறை இருக்கிறது. மனித உருவம் 2, விலங்கு 3, அதில் பறவைக்கு 3.7, புராண உருவங்களுக்கு 4, செடிகொடிக்கு 5 என்று போகும். லேபிள் ஓவியத்துக்குப் பதிப்புரிமைப் பதிவும் வாங்க விரும்பினால், ஒத்த வணிகக்குறி இல்லை என்று வணிகக்குறிப் பதிவாளர் தரும் சான்றிதழ் தேவை. அதற்கான படிவம் டிஎம்-சி.

தேடலில் வரும் ஒவ்வொரு குறியின் எதிரிலும் அதன் நிலை எழுதியிருக்கும். ‘பதிவானது’ என்றால் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆட்சேபம்’, ‘எதிர்ப்பு’ என்றிருந்தால் வழி இன்னும் திறந்திருக்கிறது, ஆனால் முந்தி வந்தவர் முந்தி வந்தவரே. ‘கைவிடப்பட்டது’ என்பதைப் பார்த்ததும் பாயக் கூடாது. மனுவைத்தான் கைவிட்டிருப்பார், வியாபாரத்தை அல்ல. புதுப்பிக்காமல் நீக்கப்பட்ட குறிகூட நீக்கியதிலிருந்து ஓராண்டுக்குப் பதிவேட்டில் இருப்பதாகவே பொதுவாகக் கொள்ளப்படும்.

கம்பெனிப் பதிவாளர் பெயரை ஒப்புக்கொண்டார், ஜிஎஸ்டி கிடைத்தது, உணவுப் பாதுகாப்பு உரிமம் வந்தது, இணைய முகவரியும் வாங்கியாயிற்று என்பவை எதுவும் வணிகக்குறி உரிமை ஆகாது. சிறுதொழில் பதிவுக்கான உதயம் சான்றிதழுக்கு மட்டும் ஒரு நேரடிப் பயன் உண்டு. தனிநபர், புத்தொழில், சிறுதொழில் என்ற முறையில் மனு போட்டால் இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000. சிறுதொழில் என்பதற்கு அந்தச் சான்றிதழே ஆதாரம்.

மனுவுக்குப் பிறகு

தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. மனுவை ஊரிலிருந்தே இணையத்தில் போடலாம். பெயரை எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறோம் என்று மனுவில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே விற்கிறவர் அதற்குப் பிரமாணப் பத்திரமும் பழைய பில், லேபிள், விளம்பரம் போன்ற சான்றுகளும் தரவேண்டும். முதல் பில் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர் இங்கே ஒரு படி மேலே நிற்பார். பரிசீலனை அறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். ஏற்கப்பட்ட குறி வாரந்தோறும் வரும் வணிகக்குறி இதழில் வெளியாகும். வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வராவிட்டால் பதிவு. அது மனுத் தேதியிலிருந்து பத்தாண்டு செல்லும், பிறகு பத்துப் பத்தாண்டாகப் புதுப்பிக்கலாம். பதிவாகும்வரை ‘டிஎம்’ என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் பதிவுக்கு முன் போடுவது சட்டப்படி தண்டத்துக்குரியது. பதிவகத்தின் முடிவுக்கு மேல்முறையீடு, 2021-இல் மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டதிலிருந்து, உயர்நீதிமன்றத்துக்குப் போகிறது.

இந்தப் பதிவு இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். எண்ணெயோ பொடியோ கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போகத் தொடங்கினால் அங்கங்கே தனியாகத் தேட வேண்டும். உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் பிராண்ட் தரவுத்தளத்தில் பல நாட்டுப் பதிவுகளைக் கட்டணமின்றி ஒரே இடத்தில் பார்க்கலாம். இந்தியா 2013 ஜூலை 8 முதல் மாட்ரிட் நெறிமுறையில் இருப்பதால், உறுப்பு நாடுகளுக்கு இங்கிருந்தே ஒரே மனுவாகப் போடவும் முடியும்.