பண்ணவாடி நீரடிச் சின்னங்கள்

சேலம் மாவட்டம் கொளத்தூரை அடுத்த பண்ணவாடியில், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதிக்குள் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் எச்சங்களும் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரமும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. நீர்மட்டம் சுமார் 80 அடிக்கு இறங்கும்போது கோபுரமும், 70 அடியை ஒட்டி இறங்கும்போது கோயில் நந்தியும் வெளியே தெரியும்.

ஒகேனக்கல்லைத் தாண்டிய காவிரி மலைகளுக்கு நடுவே நெருக்கமான பள்ளத்தாக்கில் ஓடி, பாலமலைக்கும் சீதாமலைக்கும் இடையிலான வாயில் வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. கொள்ளேகால் பக்கமிருந்து வரும் காவிரிபுரம் கணவாயும் இங்கேதான் முடிகிறது. ஹைதர் அலி, திப்பு காலப் போர்களில் படைகள் இவ்வழியே ஏறி இறங்கின. வணிகர்களுக்கும் இதுவே பாதை. கணவாயும் பரிசல்துறையும் சந்திக்கும் இடத்தில் கோயிலும் ஆலயமும் குடியிருப்பும் அடுத்தடுத்து இருந்ததில் வியப்பில்லை.

இந்த மலைவாயிலே அணைக்கும் பொருத்தமான இடமாயிற்று. மைசூர் அரசின் நெடுநாள் எதிர்ப்பு 1924 பிப்ரவரி ஒப்பந்தத்தோடு தீர்ந்தது. பொறியாளர் எல்லிஸின் வடிவமைப்பில் 1925இல் தொடங்கிய பணி ஏறத்தாழ 9 ஆண்டுகள் நீடித்தது. 5,300 அடி நீள அணையை 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரையே பெற்றது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி. தஞ்சைத் தரணியின் நெல்லுக்காக இக்கரை மக்கள் வீடு, வயல், வழிபாட்டிடம் அனைத்தையும் விட்டு வெளியேறினர். அணை வரலாற்றில் எல்லிஸுக்கும் ஸ்டான்லிக்கும் கிடைத்த இடம் இம்மக்களுக்கும் உரியது.

 

நந்தி செங்கல்லும் சுதையும் கொண்டு செய்யப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீருக்குள் கிடந்து வெயிலில் காய்வதால் சுதை உரிந்து செங்கல் வரிசைகள் தெரிகின்றன. மேலேறி நின்று படம் எடுப்போரின் காலடியில் எஞ்சிய பூச்சும் உதிரும். இதைத் தடுத்தாக வேண்டும்.

எடப்பாடியிலிருந்து வருவோர் மேட்டூர் வந்து கொளத்தூர்ச் சாலையில் பண்ணவாடிப் பரிசல்துறையை அடையலாம். எதிர்க்கரை தருமபுரி மாவட்டத்தின் நாகமரை. பருவமழை பொய்த்த ஆண்டின் கோடையே ஏற்ற காலம். புறப்படுமுன் நாளிதழில் அணை நீர்மட்டம் பார்ப்பது நல்லது. கரை வண்டல் மேலே வெடித்துக் காய்ந்திருந்தாலும் அடியில் சேறாக இருக்கும். பரிசல்காரர் காட்டும் தடத்திலேயே நடக்க வேண்டும். 2023இலும் நீர் வெகுவாகக் குறைந்தது. நீர் வற்றிய பகுதியில் விவசாயிகள் பயிர் செய்கின்றனர்.