அமெரிக்க மாநிலங்களும் அபாயக் கழிவும்: 1976 முதல் 2002 வரை

அபாயக் கழிவுச் சட்டங்களின் கடுமையால் தொழில்கள் நலிகின்றன என்பது அமெரிக்காவில் நெடுநாளாகக் கேட்டுவரும் புகார். ஆனால் அந்நாட்டு வழக்குகளைப் படித்தால், கடுமையைவிடத் தெளிவின்மையே நிறுவனங்களை அதிகம் அலைக்கழித்ததாகத் தெரிகிறது. மாநிலமா, நடுவண் அரசா, யார் சொல் முடிவான சொல்? கால் நூற்றாண்டுக்குப் பிறகும் இதற்கு ஒரே பதில் கிடைக்கவில்லை.

மாநிலங்கள் இத்துறையில் முந்திக்கொண்டவை. கலிஃபோர்னியா 1972லேயே அபாயக் கழிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான வளப் பாதுகாப்பு, மீட்புச் சட்டத்தில் அதிபர் ஃபோர்டு 1976 அக்டோபரில் கையெழுத்திட்டார். அதற்கான விதிகளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட 1980 மே ஆகிவிட்டது. இடையில் 1978இல், நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கெனால் குடியிருப்புக்கு அடியில் புதைந்துகிடந்த இரசாயனக் கழிவு நாட்டையே உலுக்கியது. புதிய விதிகளின்படி, ஆலையை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு கழிவுச் சுமையுடனும் அது சேரும் இடம்வரை ஒரு சரக்குச் சீட்டு போக வேண்டும்.

சட்டத்தின் 3006ஆம் பிரிவுதான் பின்னாளைய சிக்கல்களுக்கெல்லாம் ஊற்று. தன் சட்டம் நடுவண் சட்டத்துக்குக் குறையாதது என்று காட்டும் மாநிலம், நடுவண் திட்டத்துக்குப் ‘பதிலாக’ தன் திட்டத்தையே நடத்தலாம். விரும்பினால் இன்னும் கடுமையாக்கலாம். இந்திய ஏற்பாடு இதிலிருந்து வேறுபட்டது. இங்கே 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு விதிகளை வகுக்கிறது. மாநில வாரியங்கள் அவற்றை நடைமுறைப்படுத்துகின்றன. அமெரிக்காவில் அயோவாவும் அலாஸ்காவும் தவிர்த்த 48 மாநிலங்கள் இன்று தம் திட்டத்தையே நடத்தும் அங்கீகாரம் பெற்றவை. விளைவாக, பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் கலிஃபோர்னியாவில் அபாயக் கழிவு. பல மாநிலங்களில் அப்படியல்ல. பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஒரே பீப்பாய்க்கு வெவ்வேறு கணக்கு எழுத வேண்டியிருக்கிறது.

1984ஆம் ஆண்டுத் திருத்தம் சிறு தொழில்களையும் வளையத்துக்குள் கொண்டுவந்தது. அதுவரை மாதம் 1,000 கிலோவுக்குக் குறைவாகக் கழிவு உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் தப்பியிருந்தார்கள். வரம்பு 100 கிலோவாக இறங்கியதும் வாகனப் பழுதுக்கடைகளும் அச்சகங்களும் உலர்சலவைக் கடைகளும் மாட்டிக்கொண்டன. அத்திருத்தத்தின்படி வரும் விதிகள் எல்லா மாநிலங்களிலும் உடனே செல்லுபடியாகும். மாநிலம் அவற்றுக்கும் அங்கீகாரம் பெறும்வரை முகமையே அமல்படுத்தும். ஒரே உரிமத்தில் ஒரு பகுதியை மாநிலமும் மறு பகுதியை முகமையும் வழங்கும் விசித்திரம் இப்படித்தான் பிறந்தது.

கடுமையாக்கலாம் என்ற உரிமைக்கு எல்லை எது? அலபாமாவின் எமெல் என்ற சிற்றூர் இதைச் சோதித்தது. அங்கே கெமிக்கல் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் நடத்திய புதைகுழிக்கு வந்த கழிவில் சுமார் 90 விழுக்காடு பிற மாநிலங்களுடையது. ஊரார் குப்பையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று அலபாமா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1990இல் எல்லாக் கழிவுக்கும் டன்னுக்கு 25.60 டாலரும், வெளிமாநிலக் கழிவுக்குக் கூடுதலாக 72 டாலரும் விதித்தது. 1989இல் 7,91,000 டன்னாக இருந்த வரத்து 1991இல் 2,90,000 டன்னாகச் சரிந்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் கூடுதல் கட்டணத்தை ரத்து செய்தது. ஆபத்து கழிவில் இருக்கிறது, அது வந்த திசையில் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். எல்லாக் கழிவுக்கும் சமமாகக் கட்டணம் வைக்கத் தடையில்லை என்றும் சொன்னது. தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் ஒருவரே மாறுபட்டார். என் பார்வையில் சட்டப்படி தீர்ப்பு சரி. ஆனால் புதைகுழிக்கு இடம் கொடுக்க இனி எந்த மாநிலம் முன்வரும் என்ற கேள்வியை அது தொடவில்லை.

தொழில்துறையை உண்மையில் அச்சுறுத்திய வழக்கு மிசூரியின் ஹார்மன் இண்டஸ்ட்ரீஸ். ரயில் பாதுகாப்புக் கருவிகள் செய்த இந்நிறுவனத்தின் தொழிலாளர்கள் கரைப்பான் கழிவை ஆலைக்குப் பின்னால் மண்ணில் கொட்டிவந்தார்கள். 1987இல் இதைக் கண்டுபிடித்த நிர்வாகம் நிறுத்தச் செய்து, தானாகவே மாநிலத் துறையிடம் தெரிவித்தது. துப்புரவுக்கு ஒப்புக்கொண்டதால் மாநிலம் அபராதம் போடாமல் 1993இல் உடன்பாடு செய்தது. மாநில நீதிமன்றமும் ஏற்றது. முகமை விடவில்லை. 23 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு அது முன்பே தொடுத்திருந்த நடவடிக்கையில் 5,86,716 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் அது செல்லாது என்றது: ‘பதிலாக’ என்றால் பதிலாகத்தான், மாநிலம் முடித்துவிட்ட வழக்கை முகமை மறுபடி கிளற முடியாது. தவற்றைத் தானே ஒப்புக்கொண்டவனை இருமுறை தண்டித்தால் அடுத்தவன் வாய் திறக்கமாட்டான் என்ற வகையில் இத்தீர்ப்பு எனக்கு ஏற்புடையதே. எனினும், மாநிலம் தன் ஊர் ஆலைக்குச் சலுகை காட்டினால் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்ற எதிர்வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல.

அந்த எதிர்வாதமே மூன்று ஆண்டுகளில் வென்றது. டென்வரின் பவர் எஞ்சினியரிங் என்ற குரோமிய முலாம் ஆலைக்குக் கொலராடோ அபராதம் விதித்திருந்தது. துப்புரவுச் செலவுக்கு நிதி உத்தரவாதம் கேட்கவில்லை. அதைக் கேட்டு முகமை வழக்குத் தொடுத்தது செல்லும் என்று பத்தாவது வட்ட நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் இம்முரண்பாட்டைத் தீர்த்துவைக்கவில்லை. மாநிலத்தோடு கணக்கு முடித்துக்கொண்ட ஆலை நிம்மதியாக இருக்கலாமா என்பதற்கு மிசூரியில் ஒரு விடை, கொலராடோவில் வேறு விடை.