டிஎம்ஏ: ஒரு பெயரின் எச்சம்

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில், செயலியின் தலையீடின்றிப் பிளாப்பி வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவைக் கடத்தியது இன்டெல் 8237 சில்லு. டிஎம்ஏ எனப்படும் இந்நேரடி அணுகலில் சில்லின் முகவரி 16 பிட்டே. எஞ்சிய மேல் பிட்டுகளைத் தனியொரு பதிவகம் தாங்கியது. ஆகவே எந்தக் கடத்தலும் 64 கிலோபைட் எல்லையைத் தாண்ட இயலவில்லை. 1984-இன் பிசி ஏடி முகவரியை 24 பிட்டாக விரித்தது. 16 மெகாபைட்டுக்கு மேற்பட்டது அப்போதும் எட்டாததே.

லினக்ஸ் கெர்னல் இவ்வரம்பைப் பெயராகவே ஆக்கிக்கொண்டது. x86 கணினிகளில் டிரைவர் நிரல் 'ஜிஎஃப்பி_டிஎம்ஏ' எனக் கேட்டால், முதல் 16 மெகாபைட்டிலிருந்தே இடம் கிடைக்கும். பொதுச்சொல் ஒன்று பழஞ்சாதனமொன்றின் குறைபாட்டை மட்டும் குறிக்கலாயிற்று. மொழியியலார் இதனைச் சிறப்புப்பொருட்பேறு என்பர். பெயரை நம்பும் புதிய நிரலாளர், 32 பிட் எட்டும் பிசிஐ சாதனத்துக்கும் அக்குறுகிய பகுதியையே கேட்டு, அதனை வீணே தீர்க்கக்கூடும். சாதனம் எட்டும் முகவரி அகலத்தை டிரைவர் அறிவித்தால் போதும். ஏற்ற இடத்தைக் கெர்னலே தேர்ந்துகொள்ளும்.