ஈயச் சிப்பாய்களின் போர்க்களம்

பழைய போர்களைச் சிறு படைவீரர் பொம்மைகளைக் கொண்டு மேசைமேல் மறுபடி நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்குக்கு ஆங்கிலத்தில் வார்கேமிங் என்று பெயர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது தனியொரு பொழுதுபோக்காக வேரூன்றியது 1950-களிலும் 60-களிலும்தான். ஆனால் அதற்கு வேண்டிய இரண்டு பொருள்களும் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. பொம்மை ஜெர்மானிய வெள்ளீயக் கொல்லர்களின் பட்டறையில் பிறந்தது. விதி பிரஷ்ய ராணுவ அதிகாரிகளின் கையில் உருவானது. நூறாண்டுக்கு மேல் இரண்டும் தனித்தனியே வளர்ந்தன.

விதியின் வம்சாவளி சதுரங்கத்தில் தொடங்குகிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய இந்திய ஆட்டம், பாரசீகம் அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் அங்கே ராஜா ராணி ஆட்டமாக மாறிவிட்டது. அதை மீண்டும் போருக்கு நெருக்கமாகக் கொண்டுவர முயன்றவர்களில் முக்கியமானவர் பிரவுன்ஷ்வைக் நகரத்துக் கணித ஆசிரியர் யோஹான் ஹெல்விக். 1780-இல் அவர் வெளியிட்ட ஆட்டத்தில் 1,617 கட்டங்கள் இருந்தன. மலைக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம் என்று நிலத்தின் தன்மை கட்டத்திலேயே தீட்டப்பட்டது. 1797-இல் வெண்டுரினி என்பவர் இதை 3,600 கட்டங்களாகப் பெருக்கினார். கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் உண்மை நெருங்கி வரவில்லை. நிஜப் படை எதுவும் கட்டத்துக்குள் நின்று சண்டையிடுவதில்லை. இரண்டு படைகள் மோதினால் ஒன்று உடனே பலகையைவிட்டு மறைந்துபோவதும் இல்லை.

இந்த இரண்டு குறைகளையும் தீர்த்தவர்கள் ஒரு தகப்பனும் மகனும். தகப்பன் ஜார்ஜ் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்ல, பிரஷ்ய அரசின் சிவில் அதிகாரி. கட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, மலை, ஆறு, சாலை, ஊர் எல்லாம் பூசி வண்ணமிட்ட சாந்து ஓடுகளை விருப்பம்போல் மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசையை அவர் செய்தார். இழுப்பறைகளோடு கூடிய அந்த மேசையை 1812-இல் மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்ஹெல்முக்கு அளித்தார். அழகான சாமான்தான், ஆனால் அரண்மனைக்கே பொருந்தும் சாமான்.

மகன் ஜார்ஜ் ஹைன்ரிஷ் பீரங்கிப் படை அதிகாரி. மேசையை விட்டுவிட்டு ராணுவத்தில் ஏற்கெனவே புழங்கிய நில வரைபடத்தைக் கையில் எடுத்தார். 1824-இல் அச்சான அவருடைய விதிநூலில் வரைபடத்தின் அளவு 1:8000. ஒரு நகர்வு என்பது களத்தில் இரண்டு நிமிடம். அந்த நேரத்தில் ஒரு படை எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவுதான் நகரும். நீலமும் சிவப்புமான சிறு கட்டைகள் படைப்பிரிவுகளைக் குறித்தன. ஆட்டக்காரர்கள் கட்டைகளைத் தாங்களே நகர்த்துவதில்லை. கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். எதிரியின் படை கண்ணுக்குப் படும் இடத்துக்கு வந்தால்தான் நடுவர் அதை வரைபடத்தில் வைப்பார். துப்பாக்கிச் சூட்டின் விளைவைப் பகடையும் அட்டவணையும் சேர்ந்து முடிவு செய்தன. அட்டவணையில் இருந்த எண்கள் பிரஷ்ய ராணுவத்தின் சுடுபயிற்சிப் பதிவுகளை ஒட்டியவை. இன்று விளையாடப்படும் வார்கேம் எதைப் புரட்டினாலும் இந்த நான்கையும் காணலாம்: நேர அளவு, தூர அளவு, மறைவு, கணக்கிட்ட அதிர்ஷ்டம். இவற்றில் பகடையே பெரிய துணிச்சல். போரில் தற்செயலுக்கு இடமுண்டு என்று ஒரு ராணுவம் விதியிலேயே ஒப்புக்கொண்டது அதன் மூலம்தான்.

பிரஷ்யத் தளபதி மூஃப்லிங் இதைப் பார்க்க முதலில் அரைமனதாகத்தான் உட்கார்ந்தார் என்றும், ஆட்டம் வளர வளர இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்று வியந்தார் என்றும் சொல்லப்படுகிறது. அவருடைய பரிந்துரையால் கிரீக்ஸ்ஷ்பீல் என்ற அந்த ஆட்டம் படைப்பிரிவுகளுக்குப் பரவியது. ஆனால் அதைச் செய்தவருக்கு அதனால் வாழ்வு கிட்டவில்லை. மகன் ரைஸ்விட்ஸ் 1827-இல் தற்கொலை செய்துகொண்டார். 1870-71-இல் பிரஷ்யா பிரான்ஸை முறியடித்த பிறகே மற்ற நாட்டு ராணுவங்கள் இந்த ஆட்டத்தின் பக்கம் திரும்பின. அந்த வெற்றியில் ஆட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதை யாரும் அளந்ததில்லை. வென்றவன் வீட்டுச் சாமான் எல்லாமே வெற்றிக்குக் காரணமாகத் தெரியும்.

பொம்மையின் கதை வேறு. 1770-களில் நூரம்பர்க் நகரில் ஹில்பெர்ட் குடும்பம் வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்களை வார்த்து விற்றது. அதே ஊரில் 1839-இல் தொடங்கிய ஹைன்ரிஷ்சன் நிறுவனம் கடைப்பிடித்த ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரம் மற்றவர்களுக்கும் அளவுகோலாயிற்று. எல்லோரும் ஒரே உயரத்தில் வார்த்தால்தான் ஒரு கடையில் வாங்கிய குதிரைப்படை இன்னொரு கடையில் வாங்கிய காலாட்படையோடு நிற்கும் என்பதால் இது சின்ன விஷயமல்ல. 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உட்கூடான ஈயப் பொம்மையைக் கொண்டுவந்தது. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றியதும் ஓரம் முதலில் இறுகும். அந்தக் கணத்தில் அச்சைக் கவிழ்த்து நடுவில் இருக்கும் குழம்பை வெளியே கொட்டிவிடுவார்கள். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலை மலிவு. ஜெர்மானியப் பொம்மைகளின் ஆதிக்கம் இங்கிலாந்தில் இதனால் உடைந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கும் ஒரு படை கிடைத்தது.

படை கிடைத்தவுடன் அதற்கு விதி தேடியவர்கள் எழுத்தாளர்கள். காசநோய்க்காக சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1881-82 குளிர்காலத்தில் மாடியறைத் தரையில் சாக்கட்டியால் நிலப்படம் வரைந்து மனைவியின் மகன் லாயிடோடு வாரக்கணக்கில் போர் நடத்தினார். களத்துச் செய்திகளைத் தாங்கிய கற்பனைப் பத்திரிகைகளைக்கூட எழுதினார். லாயிட் இதைப் பற்றி 1898-இல் ஒரு பத்திரிகையில் எழுதிய பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது.

எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' அப்படி வீட்டுக்குள் முடங்கவில்லை. அதன் தொடக்கம் ஒரு பொம்மைப் பீரங்கி. பிரிட்டன் நிறுவனத்தின் அந்தக் கடற்படைப் பீரங்கி வில்விசையால் ஓர் அங்குல மரத்துண்டைக் குறிபார்த்து எறியும். வெல்ஸின் நண்பர் ஜெரோம் கே. ஜெரோம் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கொண்டு பொம்மைச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தத் தொடங்கியதில் ஆட்டம் பிறந்தது. காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி, குதிரை இரண்டு அடி. ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரம் பார்த்து நேரம். பீரங்கிக்குப் பக்கத்தில் அதை இயக்க நான்கு ஆள் நிற்காவிட்டால் அது சுடக்கூடாது. பகடை இல்லை. எந்தச் சிப்பாய் சாய்கிறானோ அவன் செத்தான், அவ்வளவுதான். ரைஸ்விட்ஸ் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார். இருந்தாலும் பொம்மையும் விதியும் ஒரே களத்தில் பொதுவாசகர்களுக்காகச் சேர்ந்தது இந்த நூலில்தான். நிஜப் போரின் மடமையைவிட இந்தச் சின்னப் போர் மேலானது என்பது வெல்ஸின் வாதம். நூல் வெளியான மறு ஆண்டே உலகப்போர் வெடித்தது.

இரு உலகப் போர்களுக்கு இடையில் பெரிய வளர்ச்சி இல்லை. கடல்போர் மட்டும் தனிக்கிளையாக ஓடியது: ஃபிரெட் ஜேன் 1898-இலேயே கப்பல் மாதிரிகளுக்கு விதி வகுத்திருந்தார், நியூயார்க்கில் ஃபிளெட்சர் பிராட் தம் நண்பர்களோடு பெரிய கூடங்களின் தரையில் கப்பல்களைப் பரப்பி, தூரத்தைக் கண்மதிப்பால் கணித்துச் சுடும் முறையைப் பரப்பினார்.

உண்மையான பிறப்பு 1950-களில். கலிஃபோர்னியாவின் விசேலியா ஊரில் ஜாக் ஸ்க்ரூபி தாமே பொம்மைகளை வார்த்து விற்றார். 1957-இல் 'வார் கேம் டைஜஸ்ட்' என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கினார். தனித்தனி ஊர்களில் தனித்தனியே விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டது அதன் பக்கங்களில். இங்கிலாந்தில் அதற்குக் கைகொடுத்தவர்கள் டோனி பாத்தும் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனும். ஃபெதர்ஸ்டோன் இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்தவர். பின்னர் சௌதாம்ப்டன் கால்பந்து அணியின் உடலியக்க மருத்துவர். 1962-இல் வந்த அவருடைய 'வார் கேம்ஸ்' நூல் ஒரு தலைமுறையின் பாடப்புத்தகம். அதில் பழங்காலப் போர் ஒன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர் ஒன்று, டாங்கிப் போர் ஒன்று என மூன்று ஆட்டங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை விவரிக்கப்பட்டிருந்தன. அவரைப் போலவே இந்தத் துறையில் எழுதிய பிரிகேடியர் பீட்டர் யங்கும் நிஜப் போர் பார்த்தவர், கமாண்டோ அதிகாரி. களத்தைக் கண்டவர்கள் ஏன் மறுபடி பொம்மைப் போருக்கு வந்தார்கள் என்பது கேட்கத்தக்க கேள்வி. அவர்களுடைய நூல்களில் ரத்தம் இல்லை, குறும்பும் வேடிக்கையும்தான் நிறைய.

பொம்மையின் விலையும் சரியான நேரத்தில் சரிந்தது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக விற்றது. பள்ளிக்கூடப் பையன் கைச்செலவுக் காசில் ஒரு படையைத் திரட்டலாம். அந்தப் பிளாஸ்டிக் வளையும். தீட்டிய வர்ணம் துப்பாக்கி முனையிலிருந்து உரிந்து விழும். மேலே பசை பூசிக் காப்பாற்றப் பார்த்தார்கள். இல்லாத படைகளைக் கத்தியால் வெட்டி ஒட்டி உருவாக்கினார்கள். ரோமானியன் தலையை இன்னொருவன் உடலில் பொருத்துவது அன்று சர்வசாதாரணம்.

மேசைப் போரில் அளவு என்பது தீராத சிக்கல். 28 மில்லிமீட்டர் பொம்மை ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. நெப்போலியன் காலத் துப்பாக்கி 100 மீட்டர் தூரம் சுடும் என்றால், பொம்மையின் அளவில் அது ஒன்றே முக்கால் மீட்டர் நெருக்கம் வரும். வழக்கமான மேசையோ ஆறடிக்கு நாலடி. களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கே குண்டு பாய்ந்துவிடும், சூழ்ச்சிக்கு இடமேது? அதனால் ஆளுக்கு ஓர் அளவு, நிலத்துக்கு வேறோர் அளவு என்று வைத்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கையிலும் அதே சமரசம்: ஒரு பொம்மைக்கு 20 ஆள் என்றால் 600 பேர் கொண்ட பட்டாலியனுக்கு 30 பொம்மை. வாட்டர்லூவில் மூன்று படைகளையும் சேர்த்துச் சுமார் 1,90,000 பேர். அதே கணக்கில் 9,500 பொம்மை வேண்டும். பெரும்பாலோர் களத்தின் ஒரு மூலையைமட்டும் எடுத்துக்கொள்வது அதனால்தான்.

1969-இல் ஃபில் பார்க்கரும் இரு நண்பர்களும் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் என்ற பெயரில் பழங்காலப் போர்களுக்கான விதிகளை வெளியிட்டனர். அதன்பின் ஆராய்ச்சி ஆட்டத்தின் பாதியாயிற்று. எந்த நாட்டுப் படையில் எத்தனை பங்கு வில்லாளர், எத்தனை யானை என்ற படைப்பட்டியல்களைத் தொகுக்கப் பழைய வரலாற்று நூல்களும் சிற்பங்களும் துழாவப்பட்டன. பகடையிலும் நுணுக்கம் நுழைந்தது. 1, 6 இரண்டையும் நீக்கி 2, 3, 3, 4, 4, 5 என்று பொறித்த சராசரிப் பகடை அப்போது புழங்கியது. அதை உருட்டினால் நடுவான விளைவே அடிக்கடி விழும் என்பதால் பயிற்சி பெற்ற படைகளுக்கு அதைக் கொடுத்தார்கள். விதிகள் தடித்துக்கொண்டே போய், கடைசியில் ஆட்டத்தைவிட அட்டவணை பார்க்கும் நேரம் அதிகமாயிற்று. பார்க்கரே 1990-இல் டிபிஏ என்ற விதியில் இதைத் தலைகீழாக்கினார்: பக்கத்துக்குப் பன்னிரண்டு படைத்துண்டுகள், ஒரு மணி நேரத்துக்குள் தீர்ப்பு. இந்த விதிகளுக்கான படைப்பட்டியல்களில் தமிழர் படையும் சிங்களர் படையும் சேர்த்து ஒரு பதிவு உண்டு. சோழனின் யானைப்படையை இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூர் மண்டபத்தில் ஒருவர் நகர்த்திக்கொண்டிருக்கக்கூடும்.

இதற்கிடையில் குழந்தை ஒன்று தாயைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய நெப்போலியன் கால ஆட்டமொன்றில் ஆட்டக்காரர்களுக்குப் படைக்குப் பதிலாக ஓர் ஊரின் தனிமனிதர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிகளின் பின்னிணைப்பில் மந்திரவாதியும் டிராகனும் வந்தனர். இரண்டும் கலந்து 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று விளையாடும் ஆட்டம் ஆயிற்று. இங்கிலாந்தில் 1983-இல் வந்த வார்ஹாமர் என்ற ஆட்டம் பொம்மைச் சந்தையையே கற்பனை உலகத்தின் பக்கம் சாய்த்துவிட்டது. வரலாற்றுப் போர் விளையாடுவோர் அன்றுமுதல் சிறுபான்மையினர்.

ஆனால் சிறுபான்மை மறைந்துவிடவில்லை. லண்டனில் 1972-இல் தொடங்கிய 'சல்யூட்' கண்காட்சி இன்றும் நடக்கிறது. 2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பொம்மைகளைக் கொண்டு வாட்டர்லூ முழுவதுமாக மறுபடி நடத்தப்பட்டது. இந்த ஆட்டத்தின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டும் மாறவில்லை: அட்டவணையில் அகதி இல்லை, பஞ்சம் இல்லை, எரிந்த ஊர் இல்லை. காலனிப் போர்கள் விளையாடப்படும்போது இது இன்னும் உறுத்துகிறது. 1803-இல் மராத்தியரோடு நடந்த அஸ்ஸாயே போர், மேசையில் பிரிட்டிஷ் தளபதி வெல்லெஸ்லியின் மதிநுட்பத்துக்குச் சோதனை. அதே களம் தக்காணத்துக் குடியானவனுக்கு என்னவாக இருந்தது என்பதற்கு விதியில் இடமில்லை. படைத்தலைவன் கண்ணுக்குத் தெரிந்த போரை மட்டுமே இந்த ஆட்டம் காட்டும். அந்த எல்லைக்குள் அது நல்ல ஆசான். அதற்கு வெளியே அதை நம்பக்கூடாது.

இப்போது வீட்டிலேயே முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்துப் பிசினில் படைகளை எடுத்துக்கொள்கிறார்கள். வார்ப்புப் பட்டறைகளுக்கு இது புதிய போட்டி. ஆனாலும் 30 சிப்பாய்கள் கொண்ட ஒரு பட்டாலியனைத் தூரிகையால் தீட்டி முடிக்க இன்றும் பல மாலைப்பொழுதுகள் ஆகின்றன.